காற்றின் பெயர் கொண்ட நோய்

மழை வருமுன் மூட்டு சொல்லிவிடும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வழங்கிவரும் கூற்று. அது மெய்யா, மனமயக்கமா என்னும் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைக் காலடிப்பேட்டையிலிருந்து தொடங்கலாம்.

1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரை அடுத்து நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. கைத்தறி நெசவு வானத்தை நம்பிய தொழில். வீதியில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவ்வேலை நின்றுபோகும். ஈரக்காற்றும் வேலையின்மையும் ஒருங்கே வந்து சேரும் இத்தகைய கடலோர ஊரில், மூட்டுநோவையும் மழையையும் மக்கள் சேர்த்தே எண்ணுவது இயல்பு.

அவ்வெண்ணம் மொழியிலும் பதிந்துள்ளது. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நோய்க்குக் காரணமான மூன்றனுள் வளியையே முதலில் வைக்கிறார். வளி, வாதம் இரண்டுக்கும் காற்று என்பதே பொருள். நாம் இன்று முடக்குவாதம் என்னும் நோய்க்கு 1859இல் ஆங்கிலப் பெயரிட்ட ஆல்ஃப்ரெட் காரோட், 'ருமட்டாய்டு' என்றார். அதன் வேரான கிரேக்கச் சொல்லுக்கு ஒழுக்கு, அதாவது நீர்மம் வழிந்தோடுதல் என்று பொருள். கீழ்த்திசை காற்றைக் கண்டது. மேற்றிசை நீரைக் கண்டது.

அறிவியல் இதனை அளக்கத் தொடங்கியது பின்னரே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர், தட்பவெப்பத்தை மாற்றத்தக்க அறையொன்றில் நோயாளிகளைத் தங்கவைத்து ஆராய்ந்தார். ஈரப்பதம் ஏறிக் காற்றழுத்தம் இறங்கும்போது நோவு மிகுவதைக் கண்டார். 1996இல் ரெடல்மையர், ட்வெர்ஸ்கி இருவரும் முடக்குவாத நோயாளிகள் 18 பேரை 15 மாதங்கள் கவனித்து, தொடர்பேதும் இல்லை என்றனர். இல்லாத ஒழுங்கைக் காண்பது மனித இயல்பு என்பது அவர்கள் விளக்கம். 2019இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு, நாட்பட்ட வலியுடைய 2,658 பேரின் அன்றாடக் குறிப்புகளைத் திரட்டியது. ஈரப்பதமும் காற்றும் மிகுந்து, அழுத்தம் குறைந்த நாள்களில் வலி கூடுவது தெரிந்தது. ஆயினும் வானிலை மிக மோசமான நாளிலும் வலிக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே உயர்ந்தது.

ஆக, பாட்டி சொன்னதை முற்றும் பொய்யெனத் தள்ளுவதற்கில்லை. ஆனால் வலியைக் கூட்டுவது வேறு, நோயை உண்டாக்குவது வேறு. உடலின் காப்புப்படையே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் எழுவது முடக்குவாதம். காற்றின் பெயரை நோய்க்குச் சூட்டிய நாம், குற்றத்தையும் காற்றின்மேல் ஏற்றிவிட்டோம். தை பிறந்தால் சரியாகும் என்று காத்திருக்கும் மாதங்களில் எலும்பு அரிக்கப்படுகிறது. கோணிய விரல் பின்னர் நிமிர்வதில்லை. காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணிநேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், அது பருவத்தின் குற்றமன்று. மருத்துவரை நாடவேண்டிய அறிகுறி.

மழைக்கும் இந்நோய்க்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையை வெள்ளக்காடாக்கியது. தெருவே நீரில் மூழ்குகையில், மாதந்தோறும் ஸ்டான்லி மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை வாங்குபவர் எவ்வாறு செல்வார்? மருந்து நின்றால் நோய் மீண்டும் தலைதூக்கும். ஐப்பசி பிறக்குமுன் மாத்திரையைக் கையிருப்பில் வைப்பது, வானத்தை நோவதினும் பயனுடையது.