துரையின் லைசென்ஸ்

வேட்டை என்றால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். நீலகிரியின் பழங்கதையைப் புரட்டிய பிறகுதான், கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போல் அதற்கும் ஆயிரம் ஏற்பாடு உண்டென்று தெரிந்தது.

1877-ல் அங்கே வெள்ளைக்காரர்கள் வேட்டைச் சங்கம் வைத்தார்கள். 1879-ல் சென்னை அரசாங்கம் சட்டமே போட்டது. துரை பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். பருவம் பார்க்க வேண்டும். பெட்டை வரையாட்டைத் தொடக் கூடாது. அப்புறம் வழிகாட்டி, கூடாரம், சுமைகூலிகள். வரையாடு ஆபத்தைக் கீழேயிருந்துதான் எதிர்பார்க்கும். ஆகவே விடியுமுன் உச்சியை அடைந்து, எதிர்காற்றில் மேலிருந்து இறங்க வேண்டும். இத்தனையும் எதற்கு? முதுகில் சேணம் போட்டாற்போல் வெளுத்த ஒரு கிழக்கடாவின் கொம்புக்கு!

சுடுவதற்காகவே காப்பாற்றினார்கள். ஆனாலும் காப்பாற்றினார்கள், அதை மறைப்பது நியாயமல்ல.

1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் அந்த விளையாட்டை முடித்துவைத்தது. துரைமார் அதற்குள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அடி விழுந்தது எங்கள் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இருளர்களைப் போன்றவர்களுக்கு. அவர்களுக்குப் பாம்புத்தோல் பொழுதுபோக்கல்ல, கஞ்சி. 1976-ல் தோல் ஏற்றுமதியும் நின்றது.

1978-ல்தான், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. துரைமாரின் சங்கத்துக்கும் இதற்கும் நூற்றோரு வருஷ இடைவெளி. இவர்களுக்கும் லைசென்ஸ் உண்டு: பாம்பைப் பிடிக்கலாம், விஷம் எடுக்கலாம், பிறகு உயிரோடு காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.