கையெழுத்துப் போட்டவர் கெட்டவரானால்?

எங்கள் சரித்திர வகுப்பில் ஒருநாள் பேராசிரியர் கேட்டார்: "ஏம்ப்பா, உன் டிகிரி சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போட்டவர் மோசடிப் பேர்வழின்னு நாளைக்குத் தெரிஞ்சா, உன் பட்டம் செல்லாதா?" வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இதே மாதிரி ஒரு கேள்விக்காக வட ஆப்பிரிக்காவுல நூறு வருஷம் சண்டை போட்டாங்க" என்று பாடத்தை ஆரம்பித்தார்.

கி.பி. 303-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், கிறிஸ்தவர்களின் வேதநூல்களைப் பறித்து எரிக்க ஆணையிட்டார். உயிருக்குப் பயந்து சில ஆயர்கள் நூல்களை ஒப்படைத்தனர். வேறு பலர் மறுத்து உயிரையே விட்டனர். கொடுமை ஓய்ந்தபின், 312-ஐ ஒட்டி செசிலியான் கார்த்தேஜ் நகரின் ஆயரானார். அவருக்கு ஆயர் பட்டம் கொடுத்த பெலிக்ஸ், நூலை ஒப்படைத்தவர் என்று புகார் கிளம்பியது. "கறைபட்ட கை கொடுத்த பட்டம் செல்லாது" என்று ஒரு சாரார் பிரிந்து தனி ஆயரை ஏற்படுத்திக்கொண்டனர். பின்னர் அவர்களுக்குத் தலைவரான டொனாட்டஸின் பெயரே அப்பிரிவுக்கு நிலைத்தது. தங்களிடம் வந்தவர்களுக்கு அவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தனர்.

இதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. 258-இல் ரத்தசாட்சியாக மரித்த கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும், திருச்சபைக்கு வெளியே பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று ரோமாபுரி ஆயர் ஸ்தேவானோடு வாதாடியவர்தான்.

விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தெரிந்தது. நூலை ஒப்படைத்தவர் கொடுத்த பட்டமும் செல்லும் என்று 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் தீர்ப்புச் சொன்னது. பிளவு மட்டும் ஆறவில்லை. பிற்பாடு ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் தெளிவாக விளக்கினார்: ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே, குருவானவர் கருவி மாத்திரமே.

411-இல் இரு தரப்பிலும் 270-க்கு மேற்பட்ட ஆயர்கள் கார்த்தேஜில் கூடினார்கள். அரசு அதிகாரி மார்செல்லினுஸ், டொனாட்டஸ் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மறு வருஷமே அவர்கள்மீது அபராதச் சட்டம் பாய்ந்தது. பலவந்தம் கூடாது என்று முதலில் சொன்ன அகுஸ்தீனே பிறகு அதற்கு நியாயம் கூறினார். இந்த இடத்தில்தான் என் மனசு இடறுகிறது. வாதத்தில் வென்றவர் ஒற்றுமைக்குத் தடியை நம்பலாமா?

ஆனாலும் அவருடைய வாதம் எனக்கு ஆறுதல் தந்ததுண்டு. பள்ளியில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஒருவர், பிற்காலத்தில் பணக் கையாடலில் சிக்கினார். கேள்விப்பட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் தம்பிகளே, அவர் கற்றுக்கொடுத்த கணக்கு இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் வருகிறது.