கொடியன்குளம் முதல் எம்பி4 வரை: நம் சான்று யார் கையில்?

1995 ஆகஸ்ட் 31. ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசலில், தலித் மக்கள் மட்டுமே வாழும் கொடியன்குளத்துக்குள் சுமார் 600 போலீசார் புகுந்தனர். டிராக்டர், தையல் எந்திரம், மின்விசிறி, டி.வி., டேப்ரிக்கார்டர் என்று கண்ணில் பட்டதெல்லாம் நொறுக்கப்பட்டது. தானியச் சேமிப்புகள் நாசமாயின. படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் எரிக்கப்பட்டன.

இந்தப் பட்டியலைச் சொத்துச் சேதக் கணக்காகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். இன்னொரு முறை பாருங்கள், தோழர்களே. அரசு கொடுத்த காகிதத்தை அரசின் ஆட்களே எரித்திருக்கிறார்கள். ஒடுக்குமுறை எப்போதும் நம் உடம்போடு நிற்பதில்லை. நாம் யார், எங்கே இருந்தோம், என்ன நடந்தது என்பதற்கான சான்றையும் அது தேடி வருகிறது.

நான்காண்டு கழித்து, 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டப்பட்டது. 17 பேர் இறந்தனர். நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது அரசுத் தரப்பு. ஆனால் அன்று ஆற்றங்கரையில் கேமராக்கள் இருந்தன. ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் அந்தத் தடியடியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது.

அது விஎச்எஸ் கேசட் காலம். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்க எடுக்கப் படம் மங்கும். நகலின் நகலுக்கு நகல் எடுத்தால் முகமே தெரியாது. அடித்தவன் முகமும் அடிபட்டவர் முகமும் தெரியாத சான்றை வைத்து நாம் என்ன வாதாட முடியும்?

டிஜிட்டல் கோப்புக்கு இந்தக் குறை இல்லை. நூறாவது நகலும் முதல் நகலும் ஒன்றே. சிக்கல் அளவில்தான். 720×576 புள்ளிகள் கொண்ட படச்சட்டங்கள் விநாடிக்கு 25. புள்ளிக்கு 3 பைட்டு. அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 112 ஜிபி. 700 எம்பி சிடியில் 24 விநாடிகூட அடங்காது. இதைச் சுருக்குவதே குறியாக்கம். ஒரு படச்சட்டத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது. ஒலியில் காது பிரித்தறியாததை விட்டுவிடுவது. 1990களில் எம்பெக்-1 முறை ஒரு மணி நேரத்துக்கும் மேலான படத்தை ஒரே சிடியில் அடக்கியது அப்படித்தான்.

ஆனால் இந்த முறைகள் பலவற்றின்மேல் காப்புரிமை இருந்தது. மென்பொருளுக்கும் விலை இருந்தது. 2000ஆம் ஆண்டில் பிரான்சின் ஃபப்ரீஸ் பெல்லார்ட் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தைத் தொடங்கினார். யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு அது வந்தது. இன்று நம் கணினிகளில் இருக்கும் விஎல்சிக்குள் ஓடுவதும் அதன் நிரல்தான்.

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். கோவில்பட்டிப் பக்கத்து ஊரொன்றில் ஒரு பாட்டியின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்தோம். 20 நிமிடம். ஊர்க்காரர்கள் பெட்டிக்கடியில் வைத்திருந்த 40 படங்களை ஸ்கேன் செய்தோம். வீடியோக் கடையொன்றில் கொடுத்து இணைத்தோம். மூன்று மாதம் கழித்து ஒரு பெயரைத் திருத்தப் போனால், கடையில் மென்பொருளுக்குக் கட்டிய சந்தா முடிந்திருந்தது. வேலைக்கோப்பைத் திறக்க முடியவில்லை. பாட்டியின் பேச்சு யாரோ கட்ட வேண்டிய சந்தாவுக்காகக் காத்துக் கிடந்தது.

பிறகு எஃப்எஃப்எம்பெக்கில் நாங்களே உட்கார்ந்தோம். படங்களை ஒரே அளவாக்கி 001, 002 என்று வரிசையாகப் பெயரிட்டோம். 40 படம், 1,200 விநாடி. ஆகவே படத்துக்கு 30 விநாடி. முதல் முயற்சி தோற்றது. படத்தின் உயரம் ஒற்றைப்படை எண்ணாக இருந்ததால் எச்.264 குறியாக்கி மறுத்துவிட்டது. இரட்டைப்படையாக்கினோம். நிறப்பதிவை 4:2:0 முறைக்கு மாற்றியதும் பழைய கைபேசிகளிலும் ஓடியது. ஒலியை ஏஏசி ஆக்கி, இரண்டையும் எம்பி4இல் சேர்த்தோம். எல்லாம் ஒரே வரிக் கட்டளை. அந்த வரியை ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது யார் வந்தாலும் திருத்தலாம்.

எம்பி4 பகிர்வதற்கு. மூலப் படங்களையும் மூல ஒலியையும் சுருக்காமல் தனியாக, குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை மூலமென்று நம்பாதீர்கள். அது பெரும்பாலும் மறுபடி சுருக்கப்பட்டதாக இருக்கும். இழப்பே இல்லாமல் சேமிக்க எஃப்எஃப்எம்பெக் திட்டத்திலேயே பிறந்த எஃப்எஃப்வி1 இருக்கிறது. 2021இல் அதன் விவரக்குறிப்பு ஆர்எஃப்சி 9043 ஆக வெளியானது. பேசுகிறவரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். அவர் அதே ஊரில்தான் நாளையும் வாழ வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2021இல் மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ கொடியன்குளத்தை நினைவூட்டியது. அதில் 1997 என்றிருந்த காலக்குறிப்பு, அது யாருடைய ஆட்சி என்ற சர்ச்சைக்குப் பின் ‘1990களின் பிற்பகுதி’ ஆனது. நடந்ததோ 1995. புனைகதைக்குத் தேதியை மாற்ற உரிமை உண்டு. அதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு உண்மைத் தேதியைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே அடுத்த முறை பதிவைத் தொடங்கும்போது, முதலில் பேசுபவர் வாயாலேயே தேதியையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். கோப்பின் பெயரை யாரும் மாற்றிவிடலாம். அந்தக் குரல் உள்ளே இருக்கும்.

ஜெய்பீம்.