செப்டிக் டேங்க்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி விதிகளின் வரலாறு

வீட்டுக் கழிப்பறைக் கழிவை மண்ணுக்கடியில் ஒரு தொட்டியில் தேக்கி, கசடை அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் வெளியே அனுப்பும் அமைப்பே செப்டிக் டேங்க். அரசாணைகள் இதைக் கழிவுநீர்த் தொட்டி என்றும் நச்சுத்தொட்டி என்றும் எழுதும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து இருக்கும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வெறும் 'டேங்க்' போதும். 'டேங்க் நிறைஞ்சிருச்சு' என்று ஒருவர் சொன்னால் குடிநீர்த் தொட்டி என்று யாரும் நினைப்பதில்லை. லாரிக்காரர் நம்பரைத்தான் தேடுவார்கள்.

இந்தத் தொட்டி பிரான்சில் பிறந்தது. 1860களில் ழான் லூயி மூரா என்பவர் வெசூல் நகரில் தன் வீட்டுக்குக் கட்டிய மூடிய தொட்டியை இதன் மூதாதை என்பார்கள். 1881இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பெயர் சூட்டியவர் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன். 1895இல் அவர் அமைத்த தொட்டியிலிருந்து கிளம்பிய வாயுவைக் கொண்டு அந்த நிலையத்திலேயே விளக்கு எரித்தார்கள். அதே வாயுக் கலவைதான் பின்னாளில் நம் ஊர்களில் தொட்டிக்குள் இறங்கியவர்களின் உயிரைக் குடித்தது.

டேங்க் வருவதற்கு முன்பு பழைய தமிழ் நகரங்களில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். கொல்லைப்புறத்தில் ஒரு சிறு அறை, அதற்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்து வழியாகக் காலையில் வந்து மலம் அள்ளிப் போக சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மனிதர்கள். இந்த ஏற்பாட்டைச் சட்டம் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டே இருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி, கழிப்பறை இல்லாத வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கட்ட வைக்க நகராட்சியால் முடிந்தது. 1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. நாட்டிலேயே அத்தகைய சட்டத்தில் அதுதான் முதலாவது. வடிகாலுக்கும் கழிப்பிடத்துக்கும் அதில் தனி அத்தியாயங்கள் உண்டு. இரண்டு சட்டங்களும் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்பதைத் துருவிப் பார்த்தன. அள்ளியது எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் அத்தனை அக்கறை காட்டவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு அந்தப் போக்கு மாறவில்லை.

டேங்கின் அளவுகளை வகுத்தது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 2470. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது கேட்பது ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், சுமார் ஒரு மீட்டர் நீர் ஆழம். சாமான் அறைக்குள் அடங்கிவிடும் தொட்டிதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் இறங்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும் வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய தெருக்களில் 6 மீட்டரை எங்கே போய்த் தேடுவது? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் கொல்லையே அவ்வளவு நீளம் இருந்தால் பெரிய விஷயம். மண்ணும் ஒத்துழைப்பதில்லை. மலையடிவாரத்துச் சரளையும் செம்மண்ணும் நீரைச் சட்டென்று குடித்துவிடும். பக்கத்துக் கிணற்றுக்குத்தான் ஆபத்து. கிழக்கே போகப் போகக் கரிசல். மழையில் ஊறிவிட்டால் அது சொட்டு நீரைக்கூட உள்ளே விடாது. உறிஞ்சுகுழி நிரம்பித் தொட்டி எதிர்த்துக்கொள்ளும். கடைசியில் வீட்டுக்காரர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: தொட்டியின் வெளிக்குழாயைத் தெருச் சாக்கடையில் சேர்த்துவிடுவது.

இன்னொரு பழக்கமும் உண்டு. டேங்க் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. 'பதினஞ்சு வருசத்துக்குத் தொட வேண்டாம்' என்பது பெருமையாகவே சொல்லப்படும். அந்தப் பதினைந்து வருடத்தில் அடிக்கசடு இறுகிக் களிமண் போலாகிவிடும். மூடி எங்கே என்பதே மறந்துபோய், அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். ஒருநாள் கழிப்பறையில் தண்ணீர் இறங்காது. லாரி வரும். தெருவில் நின்ற லாரியிலிருந்து குழாய் முன்வாசல், கூடம், அடுப்படி எல்லாம் தாண்டிக் கொல்லைக்குப் போகும். சுவாமி படத்தை ஒருவர் திருப்பி வைப்பார், இன்னொருவர் ஊதுபத்தி கொளுத்துவார். மேலே உள்ள நீரை மோட்டார் உறிஞ்சிவிடும். அடியில் கிடக்கும் கட்டி அசையாது. 'ஒரு ஆள் இறங்கிக் கிளறிவிட்டா வந்துரும்' என்ற பேச்சு அந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த தொட்டியில் இறங்குபவருக்குக் கத்தக்கூட நேரம் இருப்பதில்லை. தூக்கிவிட இறங்கும் இரண்டாமவரும் அப்படியே போய்விடுவார்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் முறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமல்ல, ஆளை இறக்கச் சொல்லும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும் என்பது பல வீடுகளில் இன்னும் தெரியாத சேதி. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

அதே 2014இல், செப்டம்பர் மாதம், தமிழக அரசு உள்ளாட்சிகளுக்கான கசடுக் கழிவு மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஊரில் உள்ள தொட்டிகளைக் கணக்கெடுப்பது, குறித்த இடைவெளியில் காலி செய்ய வைப்பது, லாரிகளைப் பதிவு செய்வது, கசடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே கொண்டுபோக வைப்பது என்று நகராட்சியின் வேலை முதன்முறையாக வீட்டு வாசலைத் தாண்டி நீண்டது. நாடு தழுவிய கொள்கை 2017இல்தான் வந்தது. இப்படி முந்திக்கொள்வது தேவையாகவும் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீடுகள் 32.7 விழுக்காடு, செப்டிக் டேங்கை நம்பியவை 38.2 விழுக்காடு.

காகிதத்தில் வந்த விதிக்கு ஊரில் இடம் வேண்டுமே. லாரி கசடை எங்கே கொட்டுவது? மதுரைக்காரருக்கு அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. திருச்சியில் பாதாளச் சாக்கடை நீரேற்று நிலையங்களிலேயே லாரிகள் இறக்க வழி செய்தார்கள். பாதாளச் சாக்கடை இல்லாத சிற்றூருக்கு வேறு வழி தேவைப்பட்டது. மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் கசடுக்கென்றே கட்டிய நிலையம் அதற்கு முன்மாதிரி ஆனது. மதுராந்தகம், கருங்குழி இரண்டின் கசடும் அங்கே போகிறது. கோவைக்கு அருகில் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் அதே வழியில் சேர்ந்துகொண்டன.

எல்லைக் கோடு இன்னொரு சங்கடம். ராஜபாளையம் நகராட்சியை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் செட்டியார்பட்டி, சேத்தூர் பேரூராட்சிகள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் மம்சாபுரம். நடுவில் கிராம ஊராட்சிகள். மேற்கே 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு. வீடு நகராட்சியைச் சேர்ந்தது, லாரி போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தது, கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது, மலையடிவாரம் வனத் துறையைச் சேர்ந்தது. இருட்டில் குழாயைத் திறந்துவிடும் ஓட்டுநருக்கு இத்தனை துறைகளும் ஒன்றுதான். எதுவும் அப்போது விழித்திருப்பதில்லை.

2022-23இல் மாநில அரசு கொண்டுவந்த திருத்தங்களும் விதிகளும் இந்தக் கட்டத்தைத்தான் குறிவைத்தன. கசடு எடுக்கும் வண்டிக்கு உள்ளாட்சியின் உரிமம் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வண்டியில் ஜிபிஎஸ் இருக்க வேண்டும். குறித்த இடத்தைத் தவிர வேறெங்கும் கொட்டக் கூடாது. 2023 ஏப்ரல் 13 முதல் 1920ஆம் ஆண்டுச் சட்டம் விலகி, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் கம்பத்தில் பெயின்டில் எழுதிய செல்போன் நம்பர்தான் இன்னும் முதலில் கண்ணில் படுகிறது.

நாள் குறித்துக் கசடை எடுக்க வைப்பது எளிதல்ல என்பதற்கு மலேசியா சான்று. 1990களில் அங்கே கழிவகற்றல் நாட்டின் பெரும்பகுதியில் இண்டா வாட்டர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. லாரி தானாகவே முறைவைத்து வீட்டுக்கு வந்தது. பிறகு வந்த சட்டத்தில் பொறுப்பு வீட்டுக்காரரிடம் போனதும் கூப்பிடுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள்.

இரு ஊர்களின் பாதையும் இப்போது பிரிகிறது. 2011 கணக்கில் ராஜபாளையத்தின் மக்கள்தொகை 1,30,442, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 75,396. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கென 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டம் ராஜபாளையத்துக்குப் பாதாளச் சாக்கடையைக் கொண்டுவந்தது; பக்கத்து ஊருக்கு அந்தக் கணக்கில் இடமில்லாமல் போனது. பாதாளச் சாக்கடை இணைப்புப் பெறும் ராஜபாளையத்து வீட்டில் கழிப்பறைக் குழாய் டேங்கைத் தொடாமல் நேரே தெருவுக்குப் போக வேண்டும். பழைய தொட்டியைக் காலி செய்து மண் கொட்டி மூட வேண்டும். டைல்ஸுக்குக் கீழே மூடி எங்கே இருக்கிறது என்று தேடும் வேலை அப்போதும் இருக்கும்.