தாயும் சேயும் பிரிந்த 2020



2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்று உலகெங்கும் பரவியபோது, கிருமி தொற்றிய தாயின் கையில் பச்சிளங்குழந்தையைக் கொடுக்கலாமா என்னும் கேள்வி மருத்துவர்களை வாட்டியது. குழந்தையைக் குறைந்தது 14 நாள்கள் தனிமைப்படுத்த வேண்டும், தாய்ப்பாலும் கூடாது எனச் சீன வல்லுநர் குழுவொன்று பிப்ரவரியில் பரிந்துரைத்தது. ஏப்ரலில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் தற்காலிகப் பிரிவே பாதுகாப்பு என்றது; பாலைக் கறந்து பிறர் புகட்டலாம் என்று மட்டும் இடமளித்தது. நோய் புதியது; சான்றுகளோ மிகச் சில. அவர்களின் அச்சத்தை நான் குறைகூறேன். எனினும், கிருமியால் வரும் ஆபத்தை எண்ணிப் பார்த்தவர்கள், பிரிவால் வரும் ஆபத்தை அந்த அளவுக்கு எண்ணவில்லை என்பதே என் கருத்து.

பிரிவின் ஆபத்தை உணர்த்தும் பழைய பாடங்கள் இருக்கவே செய்தன. ஒன்று, சிங்கப்பூரிலேயே கிடைத்தது. டப்பாப் பாலின் தீங்கை 1939இல் இங்கு மேடையேறிக் கண்டித்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜப்பானியர் ஆட்சியில் அவரும் சாங்கியில் அடைக்கப்பட்டார். உணவே அரிதான அச்சிறைவாசத்தில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று அவர் பின்னாளில் கூறினார். மற்றொன்று, கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் கிடைத்தது. அங்கு இன்குபேட்டர்கள் போதாமல் நோய்த்தொற்றும் மிகுந்திருந்த நிலையில், 1978இல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று நாம் அறிவது இதுவே.

உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே, தாய் முகக்கவசம் அணிந்து, கைகழுவிக் குழந்தையுடன் இருக்கலாம், பாலூட்டலாம் என்று அறிவுறுத்தியது. தாய்ப்பாலின் வழியே உயிருள்ள கிருமி பரவியதாகக் காணப்படவில்லை என ஜூனில் விளக்கியது. அமெரிக்கக் கழகமும் ஜூலையில் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஆனால் பல நாடுகளின் மருத்துவமனைகளில் பிரித்து வைக்கும் வழக்கம் உடனே நீங்கவில்லை.

2021 மார்ச்சில் வெளியான ஆய்வொன்று இரு ஆபத்துகளையும் ஒப்பிட்டது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் கங்காரு பராமரிப்பு அனைவர்க்கும் கிடைத்தால் 1,25,000க்கும் மேற்பட்ட சிசுக்கள் பிழைக்கும். தாயுடன் இருப்பதால் கோவிட் தொற்றி இறக்கக்கூடியவை 2,000க்கும் குறைவு. வகுத்துப் பாருங்கள்: அறுபது மடங்குக்கும் மேல்.