உலக்கையிலிருந்து உடற்பயிற்சிக்கூடம் வரை

கருவிகளை வட்டமாக நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறிச் செய்யும் சுற்றுப்பயிற்சி, பெண்களுக்கென மட்டும் நடத்தப்படும் கூடங்களின் வாயிலாக இன்று உலகின் பல நகரங்களிற் பரவியுள்ளது. அத்தகைய கூடமொன்றிற் பணங்கட்டிச் சேர்வது பயன் தருமா என்ற வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு ஒருத்தியின் சொந்த விருப்பத்தைப் பொறுத்த சிறு விஷயமாகவே தோன்றும். ஆயின் பெண்ணின் உடல் யாருக்காக உழைத்தது, எந்த வெளியில் அசைவதற்கு அனுமதிக்கப்பட்டது என்பவற்றின் வரலாறு அவ்வினாவின் பின்னால் நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டை மனத்திற்கொண்டு அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

"எங்கள் ஆச்சிமார் எந்தக் கூடத்துக்குப் போனார்கள்? உரலும் உலக்கையும் அம்மியும் ஆட்டுக்கல்லும் போதாவா?" என்று கேட்போர் நம்மிடையே பலர். இக்கூற்றில் அரை உண்மையே உண்டு. வசதிபடைத்த வீடுகளின் ஆச்சிமார் பலருக்கு நெல் குற்றிக் கொடுத்தவர்கள் வேறு பெண்கள். தோட்டத்திற் களைபிடுங்கியும் வயலில் அரிவி வெட்டியும் ஆணினும் குறைந்த கூலி பெற்றவர்கள் அப்பெண்கள். நாள் முழுதும் குனிந்தே நின்ற முதுகு வலிமை பெறுவதில்லை, தேய்ந்தே போகிறது. உழைப்பில் பாரத்தைத் தீர்மானிப்பது வேலை; ஓய்வைத் தீர்மானிப்பவன் வேலை கொடுப்பவன். உடற்பயிற்சியிலோ பாரத்தையும் ஓய்வையும் உடலுக்கு உரியவளே தீர்மானிக்கிறாள். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது வறுமையை ஆரோக்கியமென்று போற்றுவதாகும்.

நெல்லாலையும் அரைக்கும் இயந்திரமும் வந்து உலக்கையின் பாரத்தை நீக்கியமை நன்றே. எனினும் நீங்கிய பாரத்தின் இடத்தில் ஆரோக்கியமான அசைவெதுவும் வந்து சேரவில்லை. ஆசிரியையும் எழுதுவினைஞரும் தையற்காரியும் நாளின் பெரும்பகுதியை இருந்த இடத்திலேயே கழிக்கின்றனர். வீடு திரும்பியதும் அடுப்படி காத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2022இல் உலகின் வளர்ந்தோரில் 31 வீதமானோர் போதிய உடலசைவு இல்லாதிருந்தனர். ஆண்களில் இது 29 வீதம். பெண்களில் 34 வீதம். இவ்வேறுபாட்டுக்குப் பெண்ணின் சோம்பல் காரணமன்று. அவளுக்கெனச் சொந்தமாக நேரமும் இடமும் வாய்க்காமையே முதன்மையான காரணமாகும்.

இடம் என்று கூறும்போது தனியிடம் பற்றிய பிரச்சினை எழுகிறது. பெண்ணுக்கெனத் தனிநிறுவனம் என்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலை, ஆசியாவிலேயே இவ்வகைப் பாடசாலைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. பெண்ணைப் படிப்பிப்பதே நகைப்புக்குரியதாய் இருந்த காலத்தில், தனிப்பாடசாலை என்ற ஏற்பாடு இல்லாதிருப்பின் பல பெற்றோர் தம் மகளைப் படலைக்கு வெளியே அனுப்பியிருக்கமாட்டார்கள். 1913இல் மருதனார்மடத்தில் இந்துப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே, டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவ்வெதிர்ப்பையும் மீறி 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். மதிலுக்குள் பெண்ணை வளர்க்க விரும்பியவர் கட்டிய கல்லூரியிலிருந்தும் மதிலைத் தாண்டிச் சென்ற பெண்கள் உருவாயினர். ஆகவே தனியிடம் தன்னளவில் விடுதலையும் அன்று, சிறையும் அன்று. அங்கிருந்து பாதை எங்கே செல்கிறது என்பதே கேள்வி.

ஐரோப்பாவிலும் இதே கதையைக் காணலாம். 1813இல் ஸ்டொக்ஹோமில் பேர் ஹென்றிக் லிங் நிறுவிய உடற்பயிற்சி நிலையத்தின் மரபிற் பயின்ற மார்ட்டினா பேர்க்மன்-ஓஸ்டர்பேர்க் என்ற அம்மையார், 1881இல் லண்டன் பாடசாலைச் சபையின் பணியை ஏற்றார். 1885இல் உடற்கல்வி ஆசிரியைகளைப் பயிற்றுவதற்கெனப் பெண்கள் கல்லூரியொன்றைத் தொடங்கினார். அது 1895இல் டாட்ஃபோட் நகருக்கு இடம் பெயர்ந்தது. வலைப்பந்தாட்டம் உருப்பெற்றதில் அக்கல்லூரிக்குப் பெரும்பங்குண்டு. ஆயினும் பொதுவெளியில் எதிர்ப்பு எளிதில் ஓயவில்லை. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைத்து வீழ்ந்தனரெனப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன்பின் 1960 வரை அவ்வோட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. களைப்பு ஆணுக்கு வீரமாகவும் பெண்ணுக்குத் தகுதியின்மையாகவும் கணிக்கப்பட்ட காலமது.

அந்த வலைப்பந்தாட்டத்தில் உலகறியப் புகழ்பெற்ற தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண் என்பது நமக்குப் பெருமை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன், கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளை நிலைநாட்டினார். வாய்ப்புக் கிடைத்தவிடத்து நம் பெண்களின் உடல் எதையும் சாதிக்கும் என்பதற்கு இவர்கள் சான்று. எனினும் பெரும்பாலான பெண்களுக்கு விளையாட்டு, இல்ல மெய்வல்லுநர் போட்டியோடும் பாடசாலைச் சீருடையோடும் முடிந்துவிடுகிறது. போர்க்காலத்தில், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை எரிபொருளைப் பறித்தபோது, சைக்கிள் பெண்களைப் பரவலாக வீதிக்குக் கொண்டுவந்தது. அது நிர்ப்பந்தத்தால் விளைந்த அசைவு. தடை நீங்கி மோட்டார் வண்டிகள் பெருகியபின், பலரிடத்தில் அதுவும் அருகிவிட்டது.

இனிச் சுற்றுப்பயிற்சிக்கு வருவோம். 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மோர்கன், அடம்சன் ஆகிய இருவர் இம்முறையை உருவாக்கினர். குறைந்த இடத்தில், குறைந்த நேரத்தில், பலர் ஒருங்கே, ஒவ்வொருவரும் தத்தம் வலிமைக்கேற்பப் பயில வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். 1992இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 'கேர்வ்ஸ்' என்ற நிறுவனம் இதனைப் பெண்களுக்கான 30 நிமிட வணிகமாக்கியது. ஆண்களின் பார்வை இல்லாமையும் நேரச் சுருக்கமும் அதுவரை எந்தக் கூடத்திலும் கால்வைக்காத பெண்களை அழைத்துவந்தன. இது உண்மையான நன்மை; அதனை நாம் ஏளனஞ் செய்தல் தகாது. ஆனால் அக்கூடங்களிற் புழங்கிய நீரழுத்தக் கருவிகளில் எவ்வளவு விரைவாக இயக்குகிறோமோ அவ்வளவே தடை கூடும். புதிதாகத் தொடங்குவோர்க்கு அது பாதுகாப்பானது. வலிமை வளர வளரப் பாரத்தை அளந்து கூட்டுவதற்கோ ஏற்றதன்று.

எனவே சேரலாமா எனில், சேரலாம். நான்கு கேள்விகளைக் கேட்டபின் சேரலாம். மாதந்தோறும் பாரம் படிப்படியாக உயர்த்தப்படுகிறதா? கற்றுத்தருபவர் முறையான பயிற்சி பெற்றவரா? நீரிழிவோ மூட்டுவலியோ உள்ளவளுக்குத் தனிக்கவனம் உண்டா? உடலை வலிமைப்படுத்தப் பேசுகிறார்களா, மெலிவையும் அழகையும் மட்டுமே விற்கிறார்களா? வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவும், இரு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று நாட்கள் அரை மணி நேரம் கூடத்துக்குச் செல்பவள், எஞ்சியதை நடையாலோ சைக்கிளாலோ நிறைவு செய்துகொள்ள வேண்டும். மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து தேயும் பெண்ணுக்குத் தசைப்பயிற்சி ஆடம்பரமன்று. பிற்காலத்தில் பிறர் துணையின்றி எழுந்து நடப்பதற்கான முதலீடு.

ஆயினும் சந்தா கட்டக்கூடியவளோடு இவ்விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டும் கட்டணம், புடவைக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்கும் வெங்காயத் தோட்டத்துக் கூலிப்பெண்ணுக்கும் எட்டாது. பலர் மலிவாகப் பயிலவே பிறந்த முறை, பணமுள்ள சிலரின் பண்டமாகியிருக்கிறது. அதனை மீட்பது கடினமன்று. குடாநாட்டின் ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. அவற்றின் முற்றங்களில் மாலைதோறும் இளைஞர் கரப்பந்தாட்டம் ஆடுகின்றனர். வாரத்தில் மூன்று மாலைகளை அங்கே பெண்களுக்கென ஒதுக்கலாம். மணல் நிரப்பிய போத்தல்களும் ஓர் உறுதியான வாங்கும் கயிறும் பாயும் இருந்தாற் சுற்று அமைந்துவிடும். கற்றுத்தர நம் பாடசாலைகளின் உடற்கல்வி ஆசிரியைகள் இருக்கின்றனர். அம்மாலைகளில் அடுப்படியை ஆண்கள் பொறுப்பேற்க வேண்டும். அதுவின்றி எந்தக் கூடமும் பெண்ணுக்குத் திறந்ததாகாது.

தனிக்கூடத்திற் பெற்ற வலிமையோடு பெண்கள் பொது மைதானத்தின் பாதியைக் கேட்டு நிற்கும் நாளிலேயே அக்கூடத்தின் பயன் நிறைவெய்தும்.