மேட்டு நிலமும் மாதப் பணமும்

கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் தகடூர் மன்னன் அதியமானின் முன்னோர் என்கிறது புறநானூறு. அந்தப் பெருமை நீர் உள்ள நிலத்துக்கு உரியது. தர்மபுரி அருகே அதியமான்கோட்டையைச் சுற்றிய மானாவாரிக் காடுகளில் சிறு விவசாயியைக் காத்தது கலப்புப் பயிர்தான்: கேழ்வரகுக்கு இடையே அவரை, துவரை; மழை பிந்தினால் கொள்ளு; வரப்பில் புளி; பட்டியில் ஆடு. வயிற்றுப்பாட்டுக்கு இது போதும். ஆனால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, இப்பகுதி அடங்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கும்பினி வசமானது. கும்பினி அதிகாரிகளான ரீடும் மன்றோவும், விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கே வகுத்தபோது, பட்டாதாரர் ஒவ்வொருவரும் நிலவரியான கிஸ்தியைப் பணமாகக் கட்ட வேண்டியதாயிற்று. தானியம் மட்டும் விளையும் துண்டு நிலத்துக்கு அது பெருஞ்சுமை. அன்று தொடங்கிய பணத் தேவை, கிஸ்தியின் பாரம் குறைந்த பிறகும் தீரவில்லை.

இன்று அதற்குப் பொருத்தமான விடை மல்பெரி என்பேன். அதன் தழையைத் தின்னும் பட்டுப்புழு ஏறத்தாழ ஒரு மாதத்தில் கூடு கட்டிவிடும். ஒரே தோட்டத்தில் ஆண்டுக்குப் பலமுறை தழை வெட்டலாம். கூட்டை விற்கத் தர்மபுரியிலேயே அரசு அங்காடி இருக்கிறது. இதற்கும் கிணற்று நீர் வேண்டுமே, கூட்டின் விலை சரிந்தால் என்ன செய்வது என்று கேட்பது நியாயம்தான். கரும்பு ஓராண்டு காக்க வைக்கும். இதிலோ ஒரு தவணை பொய்த்தாலும் அடுத்தது தொலைவில் இல்லை. சொட்டுநீர் போட்டால் கிணறும் தாங்கும். ஆனாலும் நிலம் முழுவதையும் மல்பெரிக்கே கொடுத்துவிடாதீர்கள். கேழ்வரகுக்கும் ஆட்டுக்கும் ஒரு பங்கு விட்டுவையுங்கள்.